மட்டாஞ்சேரி: ஊரும் வாழ்வும்

மட்டாஞ்சேரி, கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் கொச்சி மாநகராட்சிக்குள் அடங்கிய பழைய வணிக ஊர். எர்ணாகுளம் நகருக்கு மேற்கே, உப்பங்கழிக்கு அக்கரையில், ஃபோர்ட் கொச்சியை ஒட்டி இருக்கிறது. தனி நகராட்சியாக இருந்த இவ்வூரை எர்ணாகுளம், ஃபோர்ட் கொச்சி நகராட்சிகளோடு சேர்த்து 1967 நவம்பர் 1 அன்று கொச்சி மாநகராட்சி உருவானது. வெளியூர்க்காரர்களுக்கு இது அரண்மனையும் யூதர் தெருவும் உள்ள சுற்றுலாத் தலம். ஆனால் வீடுகளும் பள்ளிக்கூடங்களும் கிட்டங்கிகளும் இடைவெளி இல்லாமல் நெருங்கி நிற்கும் குடியிருப்பு என்பதே இவ்வூரின் உண்மையான அடையாளம்.

போர்ச்சுகீசியர் 1555 வாக்கில் அரண்மனையைக் கட்டிக் கொச்சி அரசருக்குக் கொடுத்தார்கள். பிறகு டச்சுக்காரர்கள் பழுதுபார்த்ததால் ‘டச்சு அரண்மனை’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. உள்ளே இராமாயணச் சுவரோவியங்கள் இருக்கின்றன. வளாகத்தில் பழையன்னூர் பகவதி கோயில் இருக்கிறது. அரண்மனையை ஒட்டியே 1568இல் எழுந்த பரதேசி யூதர் தொழுகைக்கூடமும், 1760இல் சேர்ந்த அதன் மணிக்கூண்டும் நிற்கின்றன. கோயிலும் யூதர் தொழுகைக்கூடமும் மதில் ஒட்டி நிற்கும் இந்தக் காட்சி ஊரின் இயல்பைச் சொல்லிவிடுகிறது. இஸ்ரேல் நாடு உருவானபின் யூதக் குடும்பங்கள் பெரும்பாலும் அங்கே குடிபெயர்ந்தன.

கோவாவிலிருந்து வந்த கொங்கணியர், குஜராத்தி வணிகர், கச்சி மேமன்கள், தமிழர், தெலுங்கர் என்று பல மொழி பேசுவோர் இங்கே தெருத் தெருவாகக் குடியேறினர். அரசு வசதிகள் வருவதற்கு முன்பே ஒவ்வொரு சமூகமும் தனக்கான வழிபாட்டிடம், பள்ளி, சத்திரம் ஆகியவற்றைக் கட்டிக்கொண்டது. சேரளாயியில் கொங்கணியரின் திருமலை தேவசுவம் கோயிலும், அவர்கள் நடத்தும் பள்ளியும் உள்ளன. குஜராத்தி ரோட்டில் பள்ளிக்கூடமும் இனிப்புக் கடைகளும் உண்டு. அங்குள்ள சமணக் கோயிலில் நண்பகலில் புறாக்களுக்குத் தானியம் இறைப்பார்கள்.

தமிழர் வாழ்வைப் பக்கத்திலிருந்து பார்க்க, அருகே ஃபோர்ட் கொச்சியின் ‘வெளி’ என்ற பகுதியிலுள்ள தோபி கானா சலவைக்கூடத்துக்குப் போக வேண்டும். டச்சுப் படைவீரர்களின் துணி வெளுக்கத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்களே அங்கே வேலை செய்கிறார்கள் என்பது வழிவழிச் செய்தி. இப்போதுள்ள சலவைக்கூடத்தைப் பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம் 1976இல் கட்டிக்கொடுத்தது. தனித்தனித் தடுப்புகளில் தொட்டியும் துவைகல்லும் இருக்கும். வெளுத்த துணியைக் கஞ்சியில் முக்கி வெயிலில் போடுவார்கள். கொடியில் துணி மாட்டக் கிளிப் கிடையாது. இரண்டு கயிறுகளை முறுக்கிக் கட்டி, முறுக்கின் இடுக்கில் துணியின் முனையைச் செருகிவிடுவார்கள். கடற்காற்று அடித்தாலும் விழாது. இத்தனை தலைமுறைக்குப் பிறகும் அவர்கள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள் என்பது பெருமைக்குரியது.

பிழைப்புக்கு ஆதாரம் பஜார் ரோடு. மிளகு, சுக்கு, ஏலம், அரிசி, பருப்பு எல்லாம் தோணியில் வந்து கிட்டங்கிகளின் பின்வாசலில் இறங்கிய காலம் உண்டு. மிளகுக்கான முன்பேர வணிகம் 1957இல் மட்டாஞ்சேரியில்தான் தொடங்கியது. பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ புதிய துறைமுகத்தை வில்லிங்டன் தீவில் அமைத்தபின் கப்பல் சரக்கு அங்கே போயிற்று. துறைமுக வேலை ‘சாப்ப’ முறையில் கிடைத்தது. கங்காணி வீசியெறியும் உலோக வில்லையை முண்டியடித்துப் பிடித்தவனுக்கே அன்றைய கூலி. மனிதரை இப்படி அவமதித்த முறையை எதிர்த்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அரண்மனைக்கு ஈடாக நினைவில் வைக்க வேண்டிய வரலாறு இது. இன்று கிட்டங்கிகள் பலவும் பழம்பொருள் கடைகளாகவும் விடுதிகளாகவும் மாறிவிட்டன. 2012இல் தொடங்கிய கொச்சி-முசிறி பைனாலே என்ற கலைவிழாவின் கண்காட்சிகளும் சிலவற்றில் நடக்கின்றன.

சுற்றிலும் தண்ணீர் இருந்தும் குடிக்க நீர் இல்லாத ஊர் இது. குழாய்நீர் வரும்வரை பெரியாற்று நீரை வள்ளங்களில் கொண்டுவந்து விற்றார்கள். மட்டாஞ்சேரியில் பெண்கள், குழந்தைகளுக்கான அரசு மருத்துவமனை இருக்கிறது. பக்கத்தில் கருவேலிப்படியில் தாலுகா மருத்துவமனை. பெரிய சிகிச்சைக்கு எர்ணாகுளம்தான் போக வேண்டும். தோப்பும்படிப் பாலங்களைத் தாண்டிப் பேருந்துகள் போகின்றன. படகுத்துறையில் சேறு அடைந்து படகு பல ஆண்டுகள் வராமல் இருந்தது. 2023இல் கொச்சியில் தொடங்கிய வாட்டர் மெட்ரோ 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரிக்கும் வந்தது.

நியூ ரோட்டில் காயிக்காவின் பிரியாணிக் கடை ஊரின் சுவை. பாடகர் மெஹபூபும் கஜல் பாடகர் உம்பாயியும் ஊரின் குரல்கள்.

தீராத குறை வீடுதான். ஒரு சென்ட் நிலத்துக்குள் நெருக்கியடித்து வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. கடல் ஏற்றத்தின்போது சந்துகளில் தண்ணீர் புகுகிறது. அருகிலுள்ள துருத்தியில் வீடற்றோருக்கான இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்கள் 2025இல் திறக்கப்பட்டன. பழைய கிட்டங்கியை விடுதியாக்கக் கிடைக்கும் முதலீடும் அக்கறையும் வாய்க்காலைத் தூர்வாரவும் இடிந்த வீட்டைக் கட்டவும் கிடைத்தாக வேண்டும்.