வெள்ளவத்தை எம்.பி.யும் 1972 அரசியலமைப்பும்

இரண்டு மொழி என்றால் ஒரு நாடு, ஒரு மொழி என்றால் இரண்டு நாடு. 1956இல் பாராளுமன்றத்தில் இந்தக் கருத்தைச் சொன்னவர் கொல்வின் ஆர். டி சில்வா. ஜூன் மாதம் வந்தா இதை அவரின்ட படத்தோட ஃபேஸ்புக்கில யாராவது ஒராள் போடாம விடமாட்டினம். அப்ப அவர் எங்கட வெள்ளவத்தையின் எம்.பி. என்பது கனபேருக்குத் தெரியாது. 16 வருஷம் கழிச்சு, சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக அரசியலமைப்புக்குள்ளேயே எழுதி வைத்தவரும் அவர்தான். இரண்டையும் சேர்த்துத்தான் அந்த ஆளைப் படிக்க வேணும்.

அவர் வெள்ளவத்தைக்கு வந்தது தேர்தலுக்காக இல்லை. இப்ப ஹவ்லொக் சிட்டி நிற்கிற இடத்தில அப்போது வெள்ளவத்தை நூல், நெசவு ஆலை இருந்தது. 1933இல் அங்க பெரிய ஸ்ட்ரைக் ஒன்று வெடித்தது. தொழிலாளர்களில் கனபேர் மலையாளிகள். கொழும்பின் பழைய தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க அவர்களுக்கு ஆதரவா நிக்கேல்ல. பிறகு மலையாளிகளுக்கு எதிரான பிரசாரத்திலேயே இறங்கிவிட்டார். லண்டனில் சரித்திரத்தில் கலாநிதிப் பட்டம் முடிச்சு வந்திருந்த 26 வயசு கொல்வின், அந்தத் தொழிலாளர்களின் புதுச் சங்கத்துக்குத் தலைவரானார். இனம் பார்க்காத அரசியல் என்று அவர் பேசினது வெறும் பேச்சில்லை.

1935இல் லங்கா சமசமாஜக் கட்சி, 1940இல் சிறை, 1942 ஏப்ரலில் கண்டி போகம்பறையிலிருந்து தப்பி இந்தியா. படமெடுக்கக்கூடிய கதை, இங்க இடமில்லை. 1947இல் வெள்ளவத்தை-கல்கிசைத் தொகுதியில் வென்றார். மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டத்தை எதிர்த்தார். 1952இல் தோற்றார். கிரிக்கெட் வீரர் மகாதேவ சதாசிவத்தின் கொலை வழக்கில் வாதாடி 1953இல் அவரை விடுதலையாக்கினதும் இவர்தான். அந்தக் காலத்துக் கொழும்புத் தமிழ் வீடுகளில் அவரின்ட பேர் அரசியலைவிட இந்த வழக்கால்தான் கூடப் புழங்கியிருக்கும் என்று நினைக்கிறன்.

1956இல் அதே தொகுதியில் திரும்ப வென்றார். சிங்களம் மட்டும் சட்டம் 56க்கு 29 என்று நிறைவேறினபோது சமசமாஜிகள் எதிர்த்து வாக்களித்தார்கள். சிங்கள வாக்கை நம்பியிருந்த கட்சிக்கு அது சின்ன விஷயமில்லை.

பிறகு வந்தது களைப்பு. 1960 தேர்தல்களில் கட்சி எதிர்பார்த்தது கிடைக்கேல்ல. 1964இல் சிறிமாவோவோட கூட்டு. 1966 ஜனவரியில், தமிழ் மொழி ஒழுங்குவிதிகளுக்கு எதிரான போராட்டத்தில் சுதந்திரக் கட்சியோட சமசமாஜக் கட்சியும் நின்றது. பத்தே வருஷம்! 1970இல் கூட்டணி வென்றது. ஆனா கணக்கைப் பாருங்கோ: தெரிவான 151 ஆசனத்தில் சுதந்திரக் கட்சிக்கு மட்டும் 91, சமசமாஜக் கட்சிக்கு 19. கொல்வின் இல்லாமலே சிறிமாவோ ஆளலாம். இந்தப் பலத்தோடதான் அவர் அரசியலமைப்பு விவகார அமைச்சரானார்.

1972 மே 22 அன்று, அவர் படிச்ச றோயல் கல்லூரியின் நவரங்கஹலவில் குடியரசு பிறந்தது. ஒற்றையாட்சி, பௌத்தத்துக்கு முதன்மை இடம், சிங்களம் அரச கரும மொழி. சிறுபான்மையினருக்குப் பாதகமான சட்டங்களைத் தடுக்கவேண்டிய சோல்பரியின் 29ஆம் பிரிவு இல்லாமல் போனது. மொழி பற்றிய திருத்தங்கள் தோற்றதும் 1971 ஜூனிலேயே தமிழரசுக் கட்சி நிர்ணய சபையை விட்டு வெளியேறிவிட்டது.

29ஆம் பிரிவு குடியுரிமைச் சட்டத்தையே தடுக்கேல்ல, போனால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனா கோடீஸ்வரன் வழக்கு இருந்தது. சிங்களப் பரீட்சை பாஸ் பண்ணாததால் சம்பள உயர்வு மறுக்கப்பட்ட அரச லிகிதர் அவர். அரச கரும மொழிச் சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரண் என்று 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் சொன்னது. உயர் நீதிமன்றம் வேற காரணம் காட்டி அதை மாற்றியது. 1969இல் லண்டன் பிரிவிக் கவுன்சில் அந்தக் காரணம் பிழை என்று சொல்லி, அரசியலமைப்புக் கேள்வியைத் தீர்க்கும்படி திருப்பி அனுப்பியது. அந்தக் கேள்விக்கு ஒருநாளும் விடை வரேல்ல. கேள்வியையே 1972 அழித்துவிட்டது. வழக்கறிஞர் கொல்வினுக்கு இது விளங்காமல் இருந்திருக்காது.

எங்கட ஆக்கள் இதைத் துரோகம் என்று ஒரே சொல்லில் முடிச்சிடுவினம். எனக்கு அது போதாது. பிரித்தானிய முடியிலிருந்து முற்றாக அறுபட்ட குடியரசு அவருக்குப் பெரிய கனவு, அது உண்மை. அந்தக் கனவுக்கு விலை கேட்கப்பட்டது, தமிழ் ஆக்களின் உரிமையில் அவர் அதைக் கொடுத்தார். தன்ட கையிருப்பிலிருந்து இல்லை.

அவருக்கும் பெரிசா ஒன்றும் மிஞ்சேல்ல. 1975இல் சிறிமாவோ சமசமாஜிகளை வெளியேற்றினார். 1977இல் கட்சிக்கு ஒரு ஆசனமும் இல்லை. 1982 ஜனாதிபதித் தேர்தலில் கொல்வினுக்குக் கிடைத்தது 58,531 வாக்கு, நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. 1987 நவம்பரில் 13ஆவது திருத்தம் தமிழும் அரச கரும மொழி என்று எழுதினபோது அவருக்கு 80 வயசு. 1989 பெப்ரவரியில் இறந்தார்.