மிச்சத்தின் கணக்கு: கேரளத் தொடர்களை விஷ் வாசித்த விதம்

கேரளக் கணிதத்தைப் பற்றி எழுதுகிற எவரும் சி. எம். விஷ் 1834இல் வெளியிட்ட கட்டுரையைத் தொடாமல் போக முடியாது. தந்திரசங்கிரகம், யுக்திபாஷை உள்ளிட்ட நான்கு நூல்களை ஐரோப்பாவுக்குக் காட்டியவர் அவர். அந்தச் செய்தியை நெடுங்காலம் யாரும் பொருட்படுத்தவில்லை. முகுந்த மாராரும் சி. டி. ராஜகோபாலும் 1944இல் ராயல் ஆசியச் சங்கத்தின் பம்பாய்க் கிளை இதழில் எழுதிய பிறகே அது மீண்டும் பேசுபொருளானது.

விஷ் தந்த தகவல் சரி. அதற்கு அவர் தந்த விளக்கத்தோடுதான் எனக்கு உடன்பாடில்லை. தந்திரசங்கிரகம் ஃப்ளக்ஸியன் முறைக்கு முழு அடித்தளம் இட்டுவிட்டது என்றார் அவர். நியூட்டனின் ஃப்ளக்ஸியன், அளவுகள் காலத்தில் இடையறாது ஓடுவதாக வைத்துக்கொண்டு அந்த ஓட்டத்தின் வேகத்தைக் கணிப்பது. யுக்திபாஷையில் ஓட்டம் எதுவுமில்லை. கோட்டைச் சம துண்டுகளாக வெட்டுகிறார்கள், கூட்டுகிறார்கள், துண்டு சிறுத்தால் கணக்கு துல்லியமாகும் என்கிறார்கள். விஷ் இதைக் கவனிக்காததால் இன்னொன்றும் அவர் கைநழுவிப் போயிற்று. எங்கே நிறுத்தினாலும் எஞ்சி நிற்கும் மிச்சத்தின் மீதே கேரளக் கணிதர்களின் கண் இருந்தது.

தந்திரசங்கிரகத்தை எழுதிய நீலகண்ட சோமயாஜியின் ஆரியபடீய பாஷ்யத்தில் ஒரு பகுதி. கால், அதில் கால், அதிலும் கால் என்று கூட்டிக்கொண்டே போனால் மூன்றில் ஒரு பங்கு வரும். அவர் அதோடு விடவில்லை. தொகை அந்த அளவைத் தாண்டாது என்பதற்கும், அந்த அளவு வரை வளரும் என்பதற்கும் என்ன ஆதாரம் என்று தாமே கேட்கிறார். மூன்றில் ஒன்றிலிருந்து காலைக் கழித்தால் எஞ்சுவது பன்னிரண்டில் ஒன்று, அதாவது காலில் மூன்றில் ஒரு பங்கு. அதிலிருந்து பதினாறில் ஒன்றைக் கழித்தால் நாற்பத்தெட்டில் ஒன்று. எந்தப் படியில் நின்றாலும், கடைசியாகக் கூட்டிய உறுப்பில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். கணக்கு ஒவ்வொரு படியிலும் எல்லைக்குட்பட்டது. மிச்சமும் துல்லியமாகத் தெரிந்தது. அதே பாஷ்யத்தில் வட்டத்தைப் பற்றிப் பேசும்போது, விட்டத்தை மிச்சமின்றி அளக்கும் அலகு சுற்றளவில் மிச்சம் வைக்கும், எவ்வளவு தூரம் போனாலும் மிச்சத்தைச் சிறிதாக்கலாமே தவிர ஒழிக்க முடியாது என்கிறார்.

ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றைக் கழித்து ஐந்தில் ஒன்றைக் கூட்டி என்று போகும் கேரளத் தொடரில் பத்து உறுப்புகளோடு நிறுத்தி நான்கால் பெருக்கினால், விட்டத்துக்குச் சுற்றளவின் விகிதமாகக் கிடைப்பது 3.0418. சொல்லிக்கொள்ளும்படியான விடையில்லை. நிறுத்திய இடத்தில் 10/401 என்ற திருத்தத்தைச் சேர்த்த பின் பெருக்கினால் 3.14159. அந்த்ய சம்ஸ்காரம் எனப்படும் இந்த இறுதித் திருத்தத்துக்கு ஃப்ளக்ஸியனில் இடமேது? மிச்சம் என்ன என்று கேட்பவனுக்கே அது தோன்றும்.

இதே தொடரை 1682இல் அச்சிட்ட லைப்னிட்ஸ், தோராயங்கள் அனைத்தையும் முழுத் தொடர் ஒருசேரத் தன்னுள் கொண்டிருக்கிறது என்றார். ஒரே எண்ணால் சொல்ல முடியாததை மனம் முழுதாகப் பற்றும் என்பது அவர் நம்பிக்கை. முடிவிலா எண் என ஒன்று இல்லை என்று அவரே 1672இல் வாதிட்டிருந்தும், இயற்கையெங்கும் முடிவிலி மெய்யாகவே இருக்கிறது என்று ஃபூஷே என்பவருக்குக் கடிதத்தில் எழுதினார். டெகார்ட் 1644இல் முடிவிலியைக் கடவுளுக்கு மட்டும் விட்டார். எல்லை காண முடியாத மற்றவற்றுக்கு 'வரையறை காணாதது' என்ற பெயரே போதும் என்றார். நீலகண்டர் நிற்குமிடம் லைப்னிட்ஸைவிட டெகார்ட்டுக்குப் பக்கத்தில் என்பது என் முடிவு. ஆனால் டெகார்ட்டுக்கு இருந்த இறையியல் காரணம் இவரிடம் இல்லை. அளக்கிறவனின் நேர்மையே இவருக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

இதற்கு எதிரான சான்றும் உண்டு, அதை மறைப்பது முறையல்ல. கே. வி. சர்மாவின் யுக்திபாஷை மொழிபெயர்ப்பு, கே. ராமசுப்ரமணியன், எம். டி. ஸ்ரீனிவாஸ், எம். எஸ். ஸ்ரீராம் ஆகியோரின் விளக்கங்களோடு 2008இல் வந்தது. அதில் அடுக்குகளின் கூட்டுத்தொகை பற்றிய பகுதியைப் படித்தால், துண்டுகள் பெருகப் பெருகச் சிறுக்கும் உறுப்புகளை நூலாசிரியர் ஜ்யேஷ்டதேவர் விட்டுவிடுவது தெரியும். அங்கே மிச்சம் கணக்கில் இல்லை. விஷ் தரப்புக்கு இருக்கும் வலுவான ஆதாரம் அதுவே. விட்டது கடைசியில் திருத்தமாகத் திரும்பி வருகிறது என்பேன். ஆனால் நூல் அப்படி வெளிப்படையாகச் சொல்லவில்லை.

காலவரிசையிலும் சிக்கல் உண்டு. தந்திரசங்கிரகத்தின் தொடக்கச் செய்யுள் தரும் கலி நாள் 1680548, அதாவது கி.பி. 1500. யுக்திபாஷைக்கு அத்தகைய உறுதி கிடையாது. 16ஆம் நூற்றாண்டின் முற்பாதி என்பது பொதுக் கருத்து. தொடரும் திருத்தமும் இம்மரபின் முன்னோடியான மாதவருக்கு உரியவை என்று பின்வந்த உரைகள் சொல்கின்றன, ஆனால் கிடைத்துள்ள மாதவர் நூல்களில் அவை இல்லை. ஆகவே மிச்சத்தைப் பற்றிய இந்தக் கவலை 14ஆம் நூற்றாண்டில் மாதவரிடமே இருந்ததா, நீலகண்டர் காலத்தில் பிறந்ததா என்பதை இப்போதுள்ள சுவடிகளை வைத்துத் தீர்க்க முடியாது.