கான்சாபுரத்துக் கரைகள்

அரபு மொழியில் 'ஸைர்' என்றால் நடத்தல், வழிச் செல்லுதல். 'ஸீரா' என்னும் சொல்லும் அதே வேரில் பிறந்ததே. ஒருவர் நடந்து சென்ற வழி என்னும் பொருளில் தொடங்கி, வாழ்க்கை வரலாறு என்னும் பொருளையும், சிறப்பாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாறு என்னும் பொருளையும் அச்சொல் பெற்றது. உமறுப் புலவர் தம் காப்பியத்திற்குச் சீறாப் புராணம் எனப் பெயரிட்டபோது தமிழுக்குள் வந்து தங்கியதும் அச்சொல்லே. நடையையும் வரலாற்றையும் ஒரே வேரில் வைத்த மொழியைப் பயின்ற நாம், நம் மண்ணின் வரலாற்றை மட்டும் ஏடுகளுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கின்றோம். விருதுநகர் மாவட்டத்துக் கண்மாய்க் கரைகளில் ஒரு காலைப்பொழுது நடந்தால் கண்ணுக்குப் புலப்படும் வரலாறு ஒன்று உண்டு. அதனையே இங்கு எழுத முற்படுகின்றோம்.

விருதுநகர் மாவட்டம் என்றதும் பலருடைய நினைவில் எழுவது வெயிலும் வெடியும் கரிசல் மண்ணுமே. 1985இல் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு, காமராஜர் பெயரைத் தாங்கிப் பின்னர் விருதுநகர் எனப் பெயர் மாறிய இம்மாவட்டத்தின் பெரும்பகுதி வானம் பார்த்த பூமிதான். ஆயினும் அதன் மேற்கு எல்லையாக நிற்பது மேற்குத் தொடர்ச்சி மலை. மலையில் பெய்யும் மழை சிற்றாறுகளாகக் கீழிறங்குகின்றது. அவை ஆண்டு முழுவதும் ஓடும் ஆறுகள் அல்ல. சில நாள்கள் பெருகி, சில வாரங்களில் மணலாகிவிடுபவை. அந்தச் சில நாள்களின் நீரை ஓராண்டுக்குச் சேமித்து வைக்க நம் முன்னோர் கண்ட வழியே கண்மாய்.

வடமாவட்டத்தார் ஏரி என்பதையும் நெல்லைச் சீமையார் குளம் என்பதையும் இப்பகுதியினர் கண்மாய் என்பர். நீரைக் கொண்டுவருவது வரத்துக்கால். வயலுக்குத் திறந்துவிடுவது மடை. நிறைந்த நீர் வழிந்து வெளியேறும் இடம் மறுகால். மேலைக் கண்மாயின் மறுகால் நீர் கீழைக் கண்மாயின் வரத்தாகும். இவ்வாறு ஒன்றுக்கொன்று கைகோத்து நிற்கும் கண்மாய்களை வரைபடத்தில் பார்த்தால் அறுந்த மணிமாலை போலத் தோன்றும். கரைமேல் நடந்தால்தான் அது அறுபடாத மாலை என்பது விளங்கும்.

மதுரையிலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையைக் கிருஷ்ணன்கோவிலில் விட்டு உள்ளே திரும்பினால் வத்திராயிருப்பு. 'வற்றா இருப்பு' என்பதே இவ்வூர்ப்பெயரின் மூலம் என்பார் உளர். சொல்லாராய்ச்சி எவ்வாறாயினும், கார்த்திகை முதல் தை வரை இங்கு வருபவர் அவ்விளக்கத்தோடு சண்டையிடமாட்டார். விராகசமுத்திரம், வில்வராயன்குளம் என்று கண்மாய்களின் பெயர்களே ஊரின் செழிப்பைச் சொல்லும். ஒருபுறம் நீர்ப்பரப்பு, மறுபுறம் நெல்வயலும் தென்னந்தோப்பும், எதிரே சதுரகிரி மலைத்தொடர். கரையோ சமதளம், ஏற்றம் இறக்கம் இல்லை. முதியோரும் சிறுவரும் தளர்ச்சியின்றி நடக்கலாம். வெயில் ஏறுவதற்கு முன் புறப்படுவதும், மழை பெய்த மறுநாள் கரிசல் கரையைத் தவிர்ப்பதும் போதும். கரிசல் நனைந்தால் செருப்பை விடாது!

மலையடியில் பெரியாறு, கோவிலாறு என்னும் இரு சிற்றாறுகளின் குறுக்கே 1970களில் கட்டப்பட்டவை பிளவக்கல் அணைகள். முன்னது சற்றேறக்குறைய 47 அடியும் பின்னது 42 அடியும் நீர் தேக்கக்கூடியவை. இந்தப் பெரியாற்றை முல்லைப் பெரியாற்றோடு குழப்பிக்கொள்ளலாகாது. இவ்வணைகளுக்குச் செல்லும் வழியில் உள்ள கூமாபட்டி 2025ஆம் ஆண்டின் நடுவில் திடீரென்று நாடறிந்த ஊராயிற்று. இவ்வூரின் நீர்வளத்தைப் புகழ்ந்து கைப்பேசியில் பரவிய சில நிமிடக் காட்சிகளே அதற்குக் காரணம். கூட்டங்கூட்டமாக மக்கள் வந்தனர். அவர்கள் தேடியது குளிக்க ஒரு நீர்நிலை, படமெடுக்க ஒரு பின்னணி. அதில் குறை காண நாம் விரும்பவில்லை. ஆனால் அருகிலேயே கான்சாபுரம் என்றோர் ஊர்ப்பெயர்ப் பலகை நின்றதை அவர்களுள் எத்துணைப் பேர் நின்று படித்திருப்பர்?

கான் சாகிப் என்பதன் மக்கள் வழக்கே 'கான்சா'. மதுரையில் கான்சாமேட்டுத் தெரு இருப்பதும் அவ்வழக்கினால்தான். மருதநாயகம் எனப் பிறந்து, இஸ்லாத்தைத் தழுவி, யூசுப் கானாகி, மதுரை, நெல்லைச் சீமைகளை ஆண்ட அம்மனிதரின் பெயரை இம்மலையடி ஊர் இரண்டரை நூற்றாண்டுகளாகச் சுமந்து நிற்கின்றது என்பது மக்கள் மரபு.

அவரைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் போர்களையே பேசுகின்றன. 1914இல் ஆங்கிலத்தில் அவர் வரலாற்றை எழுதிய எஸ்.சி. ஹில் அவரைக் கலகம் செய்த தளபதியாகக் காட்டினார். 1972இல் பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்த 'கான்சாகிபு சண்டை' என்னும் கதைப்பாடலின் தலைப்பிலேயே சண்டை நிற்கின்றது. நம்மவர் எழுதும் கட்டுரைகளோ அவரைத் தியாகியாக மட்டுமே காண்கின்றன. இது முழு உண்மை ஆகாது என்பது நம் கருத்து. கும்பினிப் படையில் உயர்ந்தவர் அவர். கும்பினிக்காகவும் ஆற்காட்டு நவாபுக்காகவும் பாளையக்காரர்களை ஒடுக்கியவர். நெற்கட்டும்செவல் பூலித்தேவரை 1761இல் வீழ்த்தியவரும் அவரே. பின்னர் அதே நவாபையும் கும்பினியையும் எதிர்த்து நின்றார். 1763இல் மதுரையை முற்றுகையிட்ட ஆங்கிலப் படை மழைக்காலத்தில் பின்வாங்க நேர்ந்தது. மறு ஆண்டு மீண்டும் சூழப்பட்டு, உடனிருந்தோராலேயே காட்டிக்கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபர் 15 அன்று (ஹிஜ்ரி 1178) தூக்கிலிடப்பட்டார். மதுரை சம்மட்டிபுரத்தில் அவரது அடக்கத்தலம் உள்ளது. இவ்விரு பாதிகளையும் சேர்த்தே அவரை நாம் ஏற்க வேண்டும்.

சண்டைக் கதைகளில் அகப்படாத மூன்றாவது கான் சாகிபைக் கண்மாய்க் கரை காட்டுகின்றது. 1759இல் மதுரை, நெல்லைச் சீமைகளின் வரிவசூலை ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய்க் குத்தகையில் அவர் ஏற்றார். அத்தொகை எங்கிருந்து வரும்? புஞ்சையின் தீர்வை சொற்பம். நஞ்சையின் விளைச்சலே கருவூலத்தை நிரப்பும். நஞ்சைக்குக் கண்மாய் வேண்டும். கரை உடைந்தும் மடை தூர்ந்தும் கிடந்தால் விளைச்சல் இல்லை. விளைச்சல் இல்லையேல் வரி இல்லை. நாயக்கர் ஆட்சி 1736இல் முடிவுற்றபின் கால் நூற்றாண்டுக்காலம் படைகள் மாறி மாறி மிதித்த சீமை அது. அங்கே அமைதியை நிலைநாட்டியதற்காகவும் நீர்நிலைகளைச் செப்பனிட்டதற்காகவும் அவர் பெயர் நெடுங்காலம் பேசப்பட்டது. இதில் அறமும் உண்டு, கணக்கும் உண்டு. இரண்டும் ஒன்றாக இருந்ததில் உழவனுக்கு இழப்பில்லை. மலையடிவாரத்தில், நீர் இறங்கும் இடத்தில் அவர் பெயர் நிலைத்தது நமக்கு வியப்பளிக்கவில்லை.

அவருக்குப் பின் வந்த கும்பினியாருக்கும் அதே கணக்கு இருந்தது. ஆனால் பராமரிப்பின் சுமை மெல்ல மெல்ல ஊரார் தலையில் ஏற்றப்பட்டது. ஊர்கூடிக் கண்மாயைத் தூர்வாரும் குடிமராமத்து முன்பு வழக்காக இருந்தது. 1858இன் கட்டாய உழைப்புச் சட்டம் அதனைத் தண்டனைக்கு அஞ்சிச் செய்யும் வேலையாக்கியது. விரும்பிச் செய்தது கடமையானபோது விருப்பம் போயிற்று. 2017இல் தமிழக அரசு அதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. இன்று கரையில் நடப்பவர் இரண்டையும் காணலாம்: சீரமைக்கப்பட்ட மடையும் உண்டு, சீமைக்கருவேலம் அடர்ந்து, வரத்துக்கால் மறைந்து, நீர்க்கோலம் இழந்த உள்வாயும் உண்டு. நீரைப் பொதுவுடைமையாகக் கருதும் ஃபிக்ஹு மரபை வகுப்பறையில் கற்பிக்கும் நமக்கு, வரத்துக்காலை மறித்து எழுப்பிய சுவரைக் காணும்போது அப்பாடத்தின் சொற்கள் வேறுவிதமாக ஒலிக்கின்றன.

இம்மலையடி நீர் அர்ச்சுனா ஆறாகக் கிழக்கே செல்கின்றது. சிவகாசிப் பக்கமாகச் சென்று, ஆனைக்குட்டம் அணையைக் கடந்து, இருக்கன்குடியில் வைப்பாற்றோடு கலக்கின்றது. வத்திராயிருப்பின் பசுமை சில கல் தொலைவிலேயே கரிசலாக மாறிவிடும் விந்தையை இவ்வழியில் காணலாம். வறட்சியே இங்கு ஒரு தொழிலை வளர்த்தது. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்து, 1923இல் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். பட்டாசு அதன் பின் வந்தது. ஈரமில்லாக் காற்று இரண்டிற்கும் உகந்ததாயிற்று. உழவு கைவிட்டவர்க்கு அது சோறிட்டது. அவ்வப்போது உயிரையும் கேட்டது. பட்டாசு ஆலைகளின் அருகே நடைப்பயணிகள் செல்லலாகாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

வைப்பாற்றின் வடகரையில், வெம்பக்கோட்டை நீர்த்தேக்கத்தை அடுத்த விஜயகரிசல்குளத்து மேட்டில் 2022 மார்ச்சில் தமிழகத் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கிற்று. மூன்று கட்டங்களில் ஆயிரக்கணக்கான பொருள்கள் வெளிப்பட்டன: சுடுமண் உருவங்கள், கண்ணாடி மணிகள், சூதுபவள மணிகள். எல்லாவற்றினும் நம்மை நிறுத்திய செய்தி, அங்குக் குவியலாகக் கிடைத்த சங்கு வளையல்களும், அறுத்து எஞ்சிய சங்குத் துண்டுகளும். சங்கு கரிசலில் விளைவதன்று. மன்னார் வளைகுடாவில் குளித்தெடுத்து, வைப்பாற்றை ஒட்டிய வழியே உள்நாட்டுக்கு வந்து, இங்குள்ள பட்டறைகளில் அறுபட்டது. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நம்மவர் கடல்வணிகம் செழிப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அக்கடலின் பொருளை எதிர்நோக்கி ஆற்றங்கரையில் ஓர் ஊர் உழைத்துக்கொண்டிருந்தது.

அங்கிருந்து சாத்தூர் வழியே தெற்கே சென்றால் எட்டயபுரம். உமறுப் புலவர் அடங்கியுள்ள ஊர். சீறாவின் நாட்டுப் படலத்தில் அரபு நாட்டில் மழை பொழிந்து, ஆறு பெருகி, வயல் செழிப்பதைக் கண்டு, பாலைவனத்தில் இவை ஏது என்று நகைத்த திறனாய்வாளர் உண்டு. காப்பிய மரபு அது என்று நாமும் வகுப்பில் விடை கூறிக் கடந்துவிடுகின்றோம். எட்டயபுரத்தைச் சூழ்ந்து கிடப்பதோ கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் கரிசல். அம்மண்ணில் வாழ்ந்த ஒருவர் தாம் நேசித்த பெருமானாரின் நாட்டுக்கு முதலில் கொடுக்க விரும்பியது நீரைத்தான்.