ஃபைலே இல்லாத கேட்

1995ல் சாலிட்வொர்க்ஸ் வந்தப்போ, கேட் மென்பொருள்னா கம்ப்யூட்டர்ல இன்ஸ்டால் பண்றதுதான். புது பதிப்புல சேமிச்ச ஃபைல் பழைய பதிப்புல திறக்காது. ஒருத்தர் மாறினா, கூட வேலை செய்றவங்களும் காசு கட்டி மாறணும்.

அதைத் தொடங்கின ஜான் ஹிர்ஷ்டிக், 2012ல் சகாக்களோட இன்னொரு நிறுவனம் ஆரம்பிச்சார். 2015ல் ஆன்ஷேப் வந்தது. பிரவுசர்லயே ஓடும். வேங்கிக்கால்ல நான் வரையிறதை, அதே நிமிஷம் கோயம்புத்தூர்ல ஒருத்தர் திருத்தலாம். யார் எதை மாத்தினாங்கன்னும் பதிவாகும்.

சுமார் மூணு வாரத்துக்கு ஒரு தடவை புது வசதிகள் எல்லாருக்கும் சேர்ந்தே வரும். ‘பழசே போதும்’னு ஒதுங்க முடியாது. அதைவிட முக்கியம்: இலவசக் கணக்குல வரைஞ்சா, அந்த டிசைன் ஊருக்கே பொது. கத்துக்க அருமை. வாடிக்கையாளர் நம்பிக் கொடுத்த டிராயிங்கை மட்டும் அதுல ஏத்தாதீங்க.