பெரியம்மாவின் குழம்பும் ஒரு கோணல் கிருமியும்

எங்க பெரியப்பாவுக்கு நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள் வரைக்கும் ஒரு நீளத் தழும்பு உண்டு. 1979-ல் நடந்த அல்சர் ஆபரேஷன். ரெண்டு நாளா மலம் தார் மாதிரி கருப்பா போயிருக்கு. மனுஷன் யார்கிட்டயும் சொல்லல. மூணாம் நாள் விடிகாலையில ரத்தமா வாந்தி எடுத்து கிணத்தடியில விழுந்துட்டார். இரைப்பையில் பாதிக்கு மேல வெட்டி எடுத்துத்தான் காப்பாத்தினாங்க. அதுக்கப்புறம் அவர் பந்தியில உக்காந்து முழுச்சாப்பாடு சாப்பிட்டதை நான் பார்த்ததே இல்லை. மோர்சாதம், ரெண்டு இட்லி, அவ்ளோதான். ஒரு வாய் கூடினாலும் வேர்த்துப்போய் படுத்துடுவார்.

ஏன் வந்துச்சுன்னு கேட்டா வீட்ல ஆளுக்கொரு பதில் வச்சிருந்தாங்க. கோபக்காரர், நேரத்துக்குச் சாப்பிட மாட்டார், கவலையை வெளியே சொல்ல மாட்டார். பெரியம்மா மட்டும் "எல்லாம் என் கைக்காரம்தான்"னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிடுவாங்க.

இதெல்லாம் அவங்களா கண்டுபிடிச்சது இல்லை. உலகம் பூரா அன்னிக்குப் பெரிய பெரிய டாக்டர்களே சொல்லிட்டிருந்ததுதான். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

1910-ல் ஷ்வார்ஸ்னு ஒரு அறுவை நிபுணர், அமிலம் இல்லைன்னா புண்ணும் இல்லைன்னு சொல்லிவச்சார். அடுத்த எழுபது வருஷ வைத்தியமும் அமிலத்தோட மல்லுக்கட்டுறதுதான். 1915-ல் சிகாகோவில் சிப்பிங்கிற டாக்டர் மணிக்கொரு தடவை பாலும் க்ரீமும் குடிக்கவச்சார், கூடவே காரப்பொடி (மிளகாய்ப்பொடி இல்லீங்க, அமிலத்தை முறிக்கிற பொடி). 1943-ல் அதே ஊர்ல டிராக்ஸ்டெட், அமிலத்தைத் தூண்டுற வேகஸ் நரம்பையே வெட்டிப் பார்த்தார். ரத்தம் கசிஞ்சு வர்றவங்களுக்கு இரைப்பையையே வெட்டி எடுக்கிறது. 1976-ல் சிமெடிடின் மாத்திரை வந்தது. இதுக்கு வழிகாட்டின ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988-ல் நோபல் பரிசு கிடைச்சதுல தப்பே இல்லை, எத்தனையோ வயிறு கத்தியிலிருந்து தப்பிச்சது. ஆனா மாத்திரையை நிறுத்தினா நிறைய பேருக்குப் புண் திரும்ப வந்துடும்.

சரி, அமிலம் ஏன் ஒருத்தருக்கு மட்டும் புண்ணைக் கொடுக்குது? அதுக்கு விடை இல்லாத இடத்துலதான் கவலையையும் காரத்தையும் கோபத்தையும் போட்டு நிரப்பினாங்க. சுருக்கமா, நோய் உன்னாலதான் வந்தது.

இத்தனைக்கும் கிருமி கண்ணுல படாம இல்லை. 1940-லேயே பாஸ்டனில் ஃப்ரீட்பெர்க் என்பவர், வெட்டி எடுத்த இரைப்பைகள்ல மூணுல ஒரு பங்குக்கு மேல சுருள் கிருமிகளைப் பார்த்து எழுதியிருக்கார். 1954-ல் பாமர்னு இன்னொரு அமெரிக்கர் ஆயிரத்துக்கு மேற்பட்ட பயாப்ஸிகளைத் தேடிப் பார்த்துட்டு ஒண்ணுமில்லைன்னுட்டார். அவர் போட்ட சாயத்துல இந்தக் கிருமி சரியாத் தெரியாது. பெரிய ஆராய்ச்சி, பெரிய எண்ணிக்கை, யாரும் மறுபேச்சு பேசல. கிரேக்க நாட்டுல மெசலோங்கி ஊர் டாக்டர் லிகூடிஸ் 1958-லிருந்து அல்சருக்கு ஆண்டிபயாடிக் கொடுத்துட்டிருந்தார். அவருக்குக் கிடைச்சது அபராதம். 1980-ல் இறந்துபோனார்.

இப்ப ஆஸ்திரேலியாவுக்கு வாங்க. பெர்த் நகரத்து ராயல் பெர்த் மருத்துவமனை. நோயியல் நிபுணர் ராபின் வாரன், 1979 ஜூன் 11, தன்னோட 42-வது பிறந்தநாள் அன்னிக்கு ஒரு பயாப்ஸியில வளைஞ்ச கிருமிகளைப் பார்க்கிறார். வெள்ளிச்சாயம் போட்டதும் கூட்டங்கூட்டமாத் தெரியுது. காட்டினா, வேற ஒருத்தரும் பெருசா எடுத்துக்கல. ரெண்டு வருஷம் தனியாவே பார்த்துட்டிருந்தவருக்கு 1981-ல் பாரி மார்ஷல்னு ஒரு பயிற்சி டாக்டர் துணைக்குக் கிடைச்சார்.

1982-ல் நூறு நோயாளிகள்கிட்ட பயாப்ஸி எடுத்தாங்க. கிருமியை வளர்க்கப் பார்த்தா முப்பதுக்கு மேல தட்டுகள்ல ஒண்ணும் முளைக்கல. ரெண்டு நாள் பார்த்துட்டுத் தூக்கிப்போடுறது ஆய்வகத்து வழக்கம். ஏப்ரல்ல ஈஸ்டர் லீவு. ஒரு தட்டை யாரும் எடுக்காம விட்டுட்டாங்க. லீவு முடிஞ்சு வந்து பார்த்தா முளைச்சிருக்கு! அது மெதுவா வளர்ற கிருமி, அவ்வளவுதான் ரகசியம். முன்சிறுகுடல்ல புண் இருந்த 13 பேர்கிட்டயும், ஒருத்தர் பாக்கியில்லாம, அது இருந்தது.

1983-ல் ஆஸ்திரேலிய இரைப்பை குடலியல் சங்கத்துக்குக் கட்டுரைச் சுருக்கம் அனுப்பினார் மார்ஷல். வந்தது 67, ஏத்துக்கிட்டது 56. இது மிச்சத்துல விழுந்தது :-) 1984-ல் லான்செட் வெளியிட்டும் சந்தேகம் தீரல. அதே வருஷம் மனுஷன் தன் வயித்துக்குள்ள எண்டோஸ்கோபி விட்டுச் சுத்தமா இருக்குன்னு உறுதி பண்ணிக்கிட்டு, கிருமி கலந்த திரவத்தை மடக்குன்னு குடிச்சுட்டார். வீட்டுக்காரம்மாகிட்ட கூட முன்னாடி சொல்லல. சில நாள்ல வாந்தி, வாய் நாத்தம். பத்து நாள் வாக்குல மறுபடி எண்டோஸ்கோபி. இரைப்பைச் சுவர் வீங்கி, கிருமி மொய்ச்சுக் கிடக்கு. அவருக்கு வந்தது புண் இல்லை, அழற்சிதான். ஆனா நல்ல வயித்தையும் இந்தக் கிருமி கெடுக்கும்னு அது காட்டிடுச்சு.

அப்புறமும் பத்து வருஷம் ஆச்சு. 1994-ல்தான் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துக் குழு, கிருமி உள்ள அல்சர்காரங்களுக்கு ஆண்டிபயாடிக் கொடுக்கணும்னு அறிவிச்சது. 2005-ல் ரெண்டு பேருக்கும் நோபல். வாரன் 2024-ல் காலமானார்.

ஹெலிகோபாக்டர் பைலோரிங்கிற அந்தக் கிருமி இருக்கிற எல்லாருக்கும் அல்சர் வர்றதில்லை. ஆஸ்பிரின், மூட்டுவலி மாத்திரைகளும் புண்ணாக்கும், ரத்தம் கசியவும் வைக்கும். ஏற்கனவே புண் இருக்கிறவங்களுக்குக் காரம் எரிச்சலைக் கூட்டலாம். ஆனா புண்ணுக்கு வேர் மிளகாய் இல்லை.

வாரன் பெர்த்ல கிருமியைப் பார்த்த அதே 1979-ல்தான் இங்கே பெரியப்பா வயித்தைக் கிழிச்சாங்க. கிழிச்சவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன், அன்னிக்கு உயிரைக் காப்பாத்தினது அந்தக் கத்திதான். அவர் வயித்துல அந்தக் கிருமி இருந்ததான்னு இனி யாரும் சொல்ல முடியாது. இருந்திருந்தா, இன்னிக்கு ரெண்டு வார மாத்திரையில முடிஞ்சிருக்கக் கூடிய சமாச்சாரம்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப இதையெல்லாம் பெரியம்மாகிட்ட சொன்னேன். பெர்த்து, நோபல் எல்லாம் அவங்களுக்கு எதுக்கு. கிருமின்னு சொன்னதும் வெங்காயம் உரிக்கிறதை நிறுத்திட்டுக் கேட்டாங்க.

"அப்ப என் குழம்பு இல்லையாடா?"

"இல்ல பெரியம்மா."

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "உங்க பெரியப்பாவுக்கு இது தெரியாமலே போச்சே"ன்னாங்க.

பி.கு: மலம் தார் மாதிரி கருப்பா போனாலோ, வாந்தியில ரத்தமோ காப்பித்தூள் மாதிரியோ வந்தாலோ கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டுட்டு உக்காராதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. இரும்புச்சத்து மாத்திரையாலயும் கருப்பா போகும், அதையும் டாக்டரே சொல்லட்டும். இப்பல்லாம் பல பேருக்கு எண்டோஸ்கோபி வழியாவே ரத்தத்தை நிறுத்திடுறாங்க. பெரியப்பா மாதிரி ரெண்டு நாள் சொல்லாம இருக்காதீங்க, ப்ளீஸ்.