காவலூரின் கா

சேர்வராயன் மலை ஆங்கிலேயர் நாவில் தேய்ந்து ‘செவராய்’ ஆயிற்று. ஏரியும் காடும் கூடிய ஏரிக்காடு இகரம் கெட்டு, ரகரம் றகரமாகி, ஏற்காடு என நிற்கிறது. அதே கிழக்குத் தொடர்ச்சி மலையில் இன்னும் வடக்கே, சவ்வாது மலைச் சிற்றூர் ஒன்றின் பெயர் மட்டும் சிதையாமல் உலக வானியல் ஏடுகளில் ஏறியிருக்கிறது: காவலூர். சொல்லன்பரே, அதைப் பிரித்துப் பார்ப்போம்.

காவலின் வேர் ‘கா’. பெயராய் நின்றால் சோலை. சேர்வராயன் மலை உச்சிக் குகைக்கோயிலில் மலைத்தெய்வம் சேர்வராயரோடு வீற்றிருக்கும் காவேரியம்மன் பெயரிலும், ‘கா விரித்த ஆறு’ என்று பொருள் கொள்வார்க்கு, அந்தச் சோலை உண்டு. வினையாய் நின்றால் பேணுதல். தினைப்புனம் காப்பவள் கண்ணயர முடியாது என்பதால், பேணுதல் விழித்திருத்தலாய் நீண்டு, வரப்போவதை எதிர்நோக்கும் காத்திருத்தலாயும் விரிந்தது. எத்தனை சிறிய வேர், எத்தனை பொறுமையான வளர்ச்சி!

விண்ணிலும் அப்படியொரு காவல் இருந்தது. 1967இல் அமெரிக்காவின் ‘வேலா’ செயற்கைக்கோள்கள் விண்ணில் திடீரென வெடித்த காமாக் கதிர்களை முதலில் பதிவுசெய்தன. அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்கப் போனவை அவை. ஸ்பானிய மொழியில் ‘வேலார்’ என்றால் காவல் செய், விழித்திரு. நம் ‘கா’வின் பேணுதலும் விழித்திருத்தலும் அங்கே அப்படியே ஒட்டியிருக்கின்றன.

காமாக் கதிரைக் கொண்டு மட்டும் வெடித்த இடத்தைத் துல்லியமாகச் சொல்வது அரிது. வெடிப்பில் பீறிட்ட பொருள் சுற்றிலுமுள்ள வளிமத்தில் மோதும்போது கண்ணுக்குத் தெரியும் ஒளியும் பிறக்கிறது; அது சில நாளில் மங்கிவிடும். அதற்குள் பிடித்தாக வேண்டும். 1997 பிப்ரவரி 28 வெடிப்பில்தான் அது முதன்முதலாகப் பிடிபட்டது. ‘ஒளி’ பெயராய் வெளிச்சம், வினையாய் மறைதல். இரண்டுக்கும் பொருந்துகிற பொருள் இதைவிட எது?

காவலூருக்கும் இந்தத் தேடலில் பங்குண்டு. வானியலாளர் வைணு பாப்பு ஆய்வகத்துக்குத் தேர்ந்த அவ்வூரில் 1986இல் திறக்கப்பட்டு அவர் பெயரையே தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கியால், 2000 மார்ச் முதல் நாள் வெடிப்பின் ஒளியை எஸ். ஜி. பார்கவியும் ஆர். கௌசிக்கும் அடுத்து வந்த இரவுகளில் அளந்தார்கள். ‘ஜிஆர்பி 000301சி’ என்பது அதன் பெயர்: காமாக் கதிர் வெடிப்பின் ஆங்கிலச் சுருக்கம், பிறகு ஆண்டு, திங்கள், நாள், அன்றைய மூன்றாவது என்பதற்கு ஒரு ‘சி’. ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டு வழிநடந்து வந்த ஒளிக்கு நாள்குறிப்பே பெயராயிற்று.

வெடிப்பை அடுத்துத் தெரியும் இவ்வொளியைச் சிலர் ‘ஆப்டர்குளோ’ என்றே எழுதுகிறார்கள். ‘காமா’ கிரேக்க எழுத்தின் பெயர், கடனாகவே இருக்கட்டும். இதற்குக் கடன் வேண்டா. ‘பின்னொளி’ என்று எழுதுங்கள், காலத்தால் பின் வருவது என்ற பொருள் தானே விளங்கும்.