பதினாறு சிலிண்டர் கனவு

1962இல் கிரஹாம் ஹில் உலகச் சாம்பியனான கதை இந்த வாரம் வந்திருக்க வேண்டும். ஆனால் வி16 காரைப் பற்றிச் சொல்லாமல் அவர் ஓட்டிய பி.ஆர்.எம். என்ற பிரிட்டிஷ் கார்ப் பந்தய அணியின் கதையில் ஓரடிகூட நகர முடியாது.

ஒன்றரை லிட்டர் எஞ்சினைப் பதினாறு சிலிண்டர்களாகப் பிரித்தார் அணியின் வடிவமைப்பாளர் பீட்டர் பெர்த்தன். ஒரு சிலிண்டருக்கு 100 சி.சி.கூடத் தேறாது. நிமிடத்துக்கு 12,000 சுற்று வரை போகும் எஞ்சின் அது. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சூப்பர்சார்ஜரைக் கொடுத்தது ரோல்ஸ் ராய்ஸ். வம்பு தொடங்கியதும் அங்கேதான். அந்த வகைக் கருவி, சீரான வேகத்தில் ஓடும் விமான எஞ்சினுக்குப் பொருத்தமானது. பந்தயக் காரில் வளைவை விட்டு வெளியேறும்போது டயர் வழுக்கும். எஞ்சின் சுற்று எகிறும். சுற்று எகிற எகிறக் காற்றழுத்தம் கூடும். டயர் இன்னும் வழுக்கும். ஓட்டுநர் என்ன செய்வார்?

1950 ஆகஸ்ட் 26, சில்வர்ஸ்டோன். நூற்றுக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் நிறுவனங்கள் கைகொடுத்து உருவான கார், முதல் பந்தயத்துக்கு வந்து நிற்கிறது. ஓட்டுபவர் பிரெஞ்சு வீரர் ரேமோன் சோமர். கொடி இறங்கியது. கார் ஒரு குலுங்கு குலுங்கி, டிரைவ் ஷாஃப்ட் உடைந்து அங்கேயே நின்றுவிட்டது. கூட்டம் சில்லறைக் காசுகளை வீசி ஏளனம் செய்தது. சோமர் செய்த பாவம் என்ன? இரண்டே வாரத்தில் பிரான்சில் நடந்த வேறொரு பந்தயத்தில் அந்த அருமையான வீரர் இறந்துபோனார்.

அடுத்த ஆண்டு அதே களத்தில் வி16 கார்களை ஓட்டிய ரெக் பார்னல் ஐந்தாவது, பீட்டர் வாக்கர் ஏழாவது. புகைபோக்கிச் சூட்டில் உடல் வெந்தபடியே இருவரும் பந்தயத்தை முடித்தார்கள். காசு வீசியவர்களுக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது.

அணித் தலைவர் ரேமண்ட் மேஸின் கனவை மதிக்கலாம். 1952 ஏப்ரலில் அவர் செய்ததை மன்னிக்க முடியாது. நட்சத்திர ஓட்டுநர் ஃபாஞ்சியோவை அணிக்கு இழுக்கும் ஆசையில் டூரின் பந்தயத்துக்குக் காரையே அனுப்பவில்லை. ஃபெராரிக்கு எதிராக நிற்க ஆளில்லை என்று கண்ட அமைப்பாளர்கள், உலகச் சாம்பியன் பந்தயங்களை ஃபார்முலா 2 விதிகளுக்கு மாற்றினார்கள். வி16 காருக்கு அந்தக் களமே இல்லாமல் போயிற்று.

அந்த ஆண்டே அணியை விலைக்கு வாங்கிக் காப்பாற்றியவர் தொழிலதிபர் ஆல்ஃபிரட் ஓவன். இந்தக் கதையின் உண்மையான நாயகன் அவர்தான். உலகச் சாம்பியன் போட்டியில் முதல் வெற்றியைக் காண அவர் 1959 வரை காத்திருந்தார். ஹாலந்தின் ஸான்ட்வூர்ட்டில் அதைப் பெற்றுத் தந்தவர் ஸ்வீடன் வீரர் ஜோ போனியர்.

கிரஹாம் ஹில் அடுத்த வாரம் வருவார்.